இருபத்தைந்தில் ஒன்று

அந்தப் புதன்கிழமை மதியம் எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அம்மா, அப்பா, மாமா, நான் என்று நாலு பேர் இருந்தோம். மாமி இல்லை. பிள்ளைப்பேற்றுக்காகக் கப்பல்துறை என்ற ஊரிலுள்ள தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்பதுதான் எங்கள் வீட்டில் இன்றுவரைக்கும் உள்ள கருத்து. எனக்கும் அதில் மறுப்பில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூதூரில் மாமாவுக்கு நேர்முகப் பரீட்சை. அரசாங்கச் சிற்றூழியர் வேலை. மாதச் சம்பளம், கடைசியில் பென்சன். மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பதினொரு வருடமாக இறங்குதுறையில் நாட்கூலிக்கு மூட்டை சுமந்துகொண்டிருந்தார். வராதவர்களுக்கு வேறு திகதி கிடையாது என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போக இரண்டு வழி. ஏழு மணிக்குக் கடலால் லாஞ்சு. ஏழரைக்குக் கிண்ணியா வழியாக பஸ். சண்டைக்காலம் என்றபடியால் சில நாட்களில் லாஞ்சு ஓடாது, சில நாட்களில் பஸ் ஓடாது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. முதல்நாளே போய்த் தங்கலாம். ஆனால் வெளியாள் ஒருவரைத் தங்கவைத்தால் வீட்டுக்காரர் அவரை இராணுவக் காவலரணுக்குக் கூட்டிப்போய்ப் பதிய வேண்டும். அரைகுறைப் பழக்கத்தில் ஒருவருக்கு அந்தக் கரைச்சலைக் கொடுக்க மாமாவுக்கு மனமில்லை. "வெட்கம் பாக்காமல் முதல்நாளே போங்கோ" என்று மாமி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அன்றைய கடைசி லாஞ்சான மூன்று மணி லாஞ்சுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

அந்தக் கிழமைதான் எங்களுக்கு வகுப்பில் நிகழ்தகவு தொடங்கியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான். என் கொப்பியில் எழுதியிருப்பதற்கும் அரசாங்கக் கடிதத்துக்கும் எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரே மரியாதை. நான் கொப்பியை விரித்தேன்.

போன மாதம் எத்தனை நாள் லாஞ்சு ஓடவில்லை என்று மாமாவைக் கேட்டேன். கூலியில்லாத நாட்களை அவர் மறப்பாரா? விரல் மடித்து ஆறு என்றார். பஸ் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த அப்பாவிடம் பஸ்சைப் பற்றிக் கேட்டேன். அவரும் யோசித்து ஆறு என்றார். முப்பதில் ஆறு, ஐந்தில் ஒன்று. இரண்டும் சாரா நிகழ்ச்சிகள்; ஒன்று மற்றதைப் பாதிக்காது. ஆகவே பெருக்க வேண்டும்.

"இருபத்தைஞ்சில ஒண்டு" என்றேன். "ரெண்டும் ஒரே நாளில நிக்கிறதுக்கு அவ்வளவுதான் வாய்ப்பு."

"ரெண்டும் ஓடினால்? நான் லாஞ்சில ஒரு கால், பஸ்சில ஒரு கால் வைக்கிறதோ?"

"அது ஏலாது மாமா. லாஞ்சில போறதும் பஸ்சில போறதும் தம்முள் புறநீக்கும் நிகழ்ச்சிகள். ஒண்டு நடந்தால் மற்றது நடவாது."

"விளங்குது மருமோன். உங்கட மாமி கதைக்கிறதும் நான் கதைக்கிறதும் மாதிரி."

அம்மாகூடச் சிரித்தார். மூன்று மணி லாஞ்சு மாமா இல்லாமல் போனது.

வியாழக்கிழமை காலை இறங்குதுறையில் லாஞ்சு கட்டியபடியே கிடந்தது. சனத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெரிதாகப் பதற்றமில்லை. ஐந்தில் ஒன்று நடந்திருக்கிறது, அவ்வளவுதான். மாமாவின் பைலைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கிண்ணியா பஸ் சாரதியில்லாமல் நின்றது.

"இண்டைக்கு இல்லைத் தம்பி" என்றார் நேரம் குறிக்கிறவர். "லாஞ்சு இல்லாத அண்டைக்கு பஸ் எப்ப ஓடினது? இரவு அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் ரெண்டையும் ஒண்டாத்தான் மறிப்பினம்."

"இருபத்தைஞ்சில ஒண்டுதானே..."

"என்னது?"

"ஒண்டுமில்லை அண்ணை" என்றார் பின்னால் வந்து சேர்ந்த மாமா. "படிக்கிற பிள்ளை."

அன்று மத்தியானம் மாமாவும் அப்பாவும் தங்கள் ஆறு நாட்களை முதன்முறையாக ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தார்கள். சந்தைக்கு மரக்கறி வராத செவ்வாய், மழை பெய்த வெள்ளி, அதற்கடுத்த சனி என்று போய், ஆறும் அதே ஆறாக இருந்தன. "இதை நேற்றுக் கேட்டிருக்கலாம்" என்றார் அம்மா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கொப்பியைக் கணித ஆசிரியரிடம் நீட்டினேன். லாஞ்சு, பஸ் விவரம் எதையும் சொல்லவில்லை. பெருக்கலைப் பார்த்தார், சரி போட்டுத் தந்தார். அதை அப்படியே மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பிழையெண்டு ஆர் சொன்னது" என்றார்.

அவருக்கு ஆறுதலாக இன்னொரு கணக்கும் செய்தேன். எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். நாற்பது பேர், இரண்டு இடம் என்றார். அப்படியென்றால் போயிருந்தாலும் கிடைக்க இருபதில் ஒன்றுதான் வாய்ப்பு, பெரிய நட்டமில்லை என்று விளக்கினேன். மாமா கவனமாகக் கேட்டார். "ஓம், இருபதில ஒண்டுதானே" என்று தலையாட்டிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை சுமக்கப் போனார். என் விளக்கம் அவரைத் தேற்றிவிட்டது என்று நினைத்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் மாமி மிச்சத்தைச் சொன்னார். அந்த நாற்பது பேரில் மாமாவையும் சேர்த்து முப்பத்துநாலு பேர் எங்கள் கரைக்காரர்; அன்று காலை புறப்பட்டுத் திரும்பியவர்கள். மூதூரில் இருந்தவர்களும் முதல்நாளே போய்த் தங்கியவர்களுமாகப் பரீட்சைக்குப் போனவர்கள் ஆறு பேர்தான். அதில் இருவரை எடுத்தார்கள். மாமாவுக்கு இது அந்த வெள்ளிக்கிழமை காலையே இறங்குதுறையில் தெரிந்துவிட்டதாம். நான் கொப்பியோடு போனபோது அவர் அதைத் தெரிந்துகொண்டுதான் தலையாட்டியிருக்கிறார்.

மூன்று மணி லாஞ்சில் போயிருந்தால் அவர் ஏழாவது ஆள். நாங்கள் இழந்தது ஏழில் இரண்டு.