பட்டினிச் சந்தின் பலகை

டோரீன் ஸ்கட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேல் கோபமில்லை, ஊர் மேல். எங்கள் நெதர்கோம்ப் கிராமத்தில் வயசுக்கு வந்ததிலிருந்து அடுத்தவர் வீட்டைத் துடைத்தே காலம் தள்ளியவள். சாயங்காலம் எங்கள் பப்புக்கு வந்து அரை கிளாஸ் ஆப்பிள் சைடரோடு என்னிடம் வம்பளப்பாள்.

அவள் பிறந்தது பட்டினிச் சந்தில். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அந்தக் காலத்துப் பண்ணைக்காரன் ஊர்ப் புறம்போக்கை வேலியடைத்துத் தனதாக்கிக்கொண்டான். மாடு மேய்க்க இடமில்லை, விறகு பொறுக்க இடமில்லை. அந்த வருஷக் குளிர்காலத்தில் ஸ்கட் வீட்டில் மட்டும் மூன்று பிள்ளைகள் பட்டினியால் செத்துப்போயின. தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள், கல் வைக்க வக்கில்லை. பண்ணைக்காரனுக்கு தேவாலயத்துக்கு உள்ளேயே பளிங்குச் சிலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு மிஞ்சியது சந்து முனையில் இரும்புப் பலகையில் இருந்த அந்தப் பெயர்தான்.

பிறகு வாடகைக்கு விட்டிருந்தவர் வீட்டை விற்றுவிட, டோரீன் மெயின் ரோட்டுக்கு அப்பால் கவுன்சில் ஏழைகளுக்குக் கொடுக்கும் வாடகை வீட்டுக்குப் போனாள். சந்து முழுக்க லண்டன்காரர்கள் வந்தார்கள். அவர்களில் பியர்ஸ் லாங்டன் வீட்டைத்தான் அவள் செவ்வாய்தோறும் துடைக்கிறாள். சந்தின் பெயரை மாற்ற மனுக் கொடுத்தவரும் அவரே.

ஊர்க் கூட்டத்தில் டோரீன் எழுந்து நின்றாள்.

“அந்தப் பிள்ளைங்களுக்குக் கல்லு கிடையாதுங்க. அந்தப் பலகைதான் கல்லு. அதையாவது விட்டு வைங்க.”

“புரியுது டோரீன். ஆனா பட்டினின்னு எழுதி வச்சா வீட்டை எவன் வாங்குவான்?” என்றார் லாங்டன்.

“அப்ப நீங்க ஏன் சார் வாங்குனீங்க?” என்று பின்னாலிருந்து நான் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து என்ன பிரயோஜனம்? சந்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் ஓட்டு, டோரீனுக்கு இல்லை. ரோஜாச் சந்து என்று ஆகிவிட்டது. அங்கே மருந்துக்கு ஒரு ரோஜாச் செடி கிடையாது!

பழைய இரும்புப் பலகையைத் தனக்குத் தரும்படி டோரீன் கேட்டாள். தேவாலய நிதிக்கென்று ஏலம் விட்டார்கள். லாங்டன் கேட்ட விலைக்கு அவளால் எட்ட முடியுமா? அவர் அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினார். விருந்துக்கு வருகிறவர்கள் ஆட்டுத் தொடையை வெட்டித் தின்றுகொண்டே அதைப் படித்துச் சிரிக்கிறார்களாம்.

“ஈரத்துணி வேண்டாம் டோரீன், துருப் பிடிச்சுடும்” என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்.

கேட்டதும் என் கிளாஸை மேசையில் நங்கென்று வைத்தேன். “அந்தாளு மூஞ்சியில துணிய விட்டெறிஞ்சுட்டு வாடி! உனக்கு ரோஷமே கிடையாதா?”

டோரீன் சைடரைக் குடித்து முடித்துவிட்டு கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“நான் போகலேன்னா அந்தப் பிள்ளைங்கள யாருடி போய்ப் பாக்குறது?”