விடுதியம்மா வைத்த சோதனை

தக்கலைக்குப் பக்கத்து மிஷன் அநாதை விடுதியில் எங்களைப் பார்த்துக்கொண்ட அம்மாள் ஒல்லி. வெள்ளைச் சட்டைதான் போடுவார், சிரிக்க மாட்டார். பிள்ளை எடுத்து வளர்க்க வருகிறவர்களை முதலில் எங்களோடு உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றுவார். கோரிக் குடிக்க நடுவில் பிலாவிலைகளை, பலா மரத்து இலைகளை, போடுவார். பக்கத்துப் பிள்ளைக்கும் ஓர் இலையைக் கரண்டிபோல மடித்துக் கோட்டிக் கொடுக்கிறவர்களிடம்தான் பிள்ளையைத் தருவார்.

எனக்கு எட்டு வயதானபோது பூதப்பாண்டியிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வெயிலில் நடந்தே வந்தார்கள். என்னைத்தான் கேட்டார்கள். ஆனால் தங்களுக்கு மட்டும் இலை கோட்டிக் கஞ்சி குடித்தார்கள். அம்மாள் அவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.

"எனக்கு நானே கோட்டிக்கிடுவேன். அவங்கள ஏன் போவச் சொன்னிய?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"அங்க போனா எல்லாத்துக்கும் நீயேதான் கோட்டணும், ஏட்டி. நல்ல ஆளு வரும், பொறு."

யாரும் வரவில்லை. கூட இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் வளர்ந்து அந்த விடுதியிலேயே சமையலுக்கு நின்றேன்.

அம்மாள் கெட்டவரில்லை. ஆனால் அத்தனை தூரம் நடந்து வந்தவர்களுக்குப் பசித்திருக்கும் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை?