அந்த ‘அது’ வேறு

வாக்கியத்தைப் பின்னாலிருந்துதான் படிப்பாள். வினைச்சொல்லின் வாலைப் பிடித்துப் பார்ப்பாள். இயந்திரத்தைப் பற்றிய இடத்தில் ‘கூறுகிறார்’ என்றிருந்தால் அடித்துவிட்டு ‘கூறுகிறது’ என்று எழுதுவாள். செயற்கை நுண்ணறிவுக்கு அரசாங்கம் கொண்டுவரும் புதிய விதிகளைத் தமிழில் எழுதித் தருவது அவள் வேலை. இயந்திரம் மனிதராக நடிக்கக் கூடாது என்பதுதான் விதிகளின் சாரம். “அதுக்குத் தமிழ்ல ஒரு விகுதி போதும் மாமா. மத்த மொழிக்காரங்கதான் பக்கம் பக்கமா எழுதிச் சாகறாங்க” என்பாள்.

அலுவலக லிஃப்ட் பெண் குரலில் ‘மூன்றாம் தளத்துக்கு வந்துவிட்டேன்’ என்றால், “நீ எங்கடி வந்தே? நாங்கல்ல வந்தோம்” என்று அதனோடு மல்லுக்கு நிற்பாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு ‘அஃறிணை’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் செய்கிறாள்.

என் மனைவியின் தங்கை அவள். மனைவி இறந்த பிறகு, பழைய பதிவுகளிலிருந்து மனைவியின் குரலை எடுத்துப் பேசும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டேன். கல்லூரியில் படித்தவன்தான், இருந்தும் குளிக்கப் போகும்போது அதனிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். எதைச் சொன்னாலும் ‘நீங்கள் சொல்வது சரிதான்’ என்கிறது. இத்தனை வருடக் குடித்தனத்தில் என் மனைவி வாயிலிருந்து ஒருமுறைகூட வராத வாக்கியம். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சுகமாக இருந்தது.

இறந்தவரின் குரல் நீடிக்க, கூடப்பிறந்தவரின் சம்மதமும் வேண்டும் என்கிறது புதிய விதி. இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியில் குரல் அழிந்துவிடும். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான். ஆக, விதியைத் தமிழாக்கியவளின் அறைக்கே கைப்பேசியும் கையுமாகப் போய் நின்றேன்.

“நீ இளைச்சுட்டேன்னு உங்க அக்கா கவலைப்படறா” என்று ஆரம்பித்தேன்.

“படறா இல்ல மாமா, படுது. கண்ணே இல்லாம அது எப்படிப் பாத்துச்சாம்?”

“நான்தான் சொன்னேன்.”

“நல்லா இருக்கு. நீங்களே சொல்லிக் குடுத்துட்டு நீங்களே கேட்டுக்கறீங்க.”

எனக்கும் ரோஷம் வந்தது. “அவ இருந்தப்பவும் ‘அக்கா வந்துச்சு, அக்கா திட்டுச்சு’ன்னுதானே சொல்லுவே? அப்ப எங்க போச்சு உன் இலக்கணம்?”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

“அந்த அது வேற மாமா.”

கைப்பேசியை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். “அக்கா, கடைசியா சண்டை போட்டுட்டுப் போனேனே. இன்னும் கோவமா?”

‘இது செயற்கைக் குரல்’ என்று விதிப்படி அறிவித்துவிட்டு, என் மனைவியின் குரல் பேசியது. “உன்மேல் எனக்கு ஒருபோதும் கோபம் இருந்ததில்லை.”

சிரித்துவிட்டாள். “ஒருபோதும்! எங்கக்காவா? சாகறவரைக்கும் என்கிட்ட பேசல மாமா அது.”

“விடும்மா, அழிஞ்சே போகட்டும்” என்று கையை நீட்டினேன்.

அவள் தரவில்லை. திரையில் ‘சம்மதம்’ என்ற இடத்தை அழுத்தினாள். பிறகு கைப்பேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பாராமலே, புறங்கையால் கதவைக் காட்டினாள்.