முகமில்லாத டிரைவர் அண்ணா

வரைந்து முடித்த படத்தை மட்டும்தான் நான் இன்ஸ்டாகிராமில் போடுவேன். நாலு பேர் 'சூப்பர்' என்பார்கள், அத்தோடு சரி. பாதிப் படத்தை யாராவது எட்டிப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

ஒரு நாள் காலை ஆபீஸ் பஸ்ஸுக்காக நான் நிற்கும் இடத்தைக் காட்டப் போட்டோ எடுத்து, பஸ் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். அவசரத்தில் வேறு படம் போய்விட்டது. எங்கள் டிரைவர் முனிராஜு அண்ணாவை நான் போனிலேயே வரைந்துகொண்டிருந்த படம். காது, காக்கிச் சட்டை, ஸ்டியரிங் எல்லாம் இருந்தன. முகம் மட்டும் வெறும் வட்டம். நான் அதைக் குழுவிலிருந்து அழிப்பதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

தலையைக் குனிந்தபடி பஸ்ஸில் ஏறினேன்.

"என்னா மேடம், மூஞ்சி இல்லாம வண்டி ஓட்டுனா போலீஸ் புடிக்க மாட்டானா?" என்றார் அண்ணா. பஸ்ஸே சிரித்தது.

"சாரிண்ணா, இன்னும் முடிக்கல."

"அதுக்கென்ன, எலெக்ட்ரானிக் சிட்டில அஞ்சு நிமிஷம் நிப்போம்ல, அப்போ போடுங்க. மீசை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா!"

போய்ச் சேர்ந்ததும் இன்ஜினை அணைத்தார். மீசையைச் சீவிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"காது பெருசா இருக்குங்க" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உற்றுப் பார்த்தால், பெரிதாகத்தான் இருந்தது. அழித்துத் திருத்தினேன். கண்கள் முடிவதற்குள் நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை, வழக்கமாக 'பஸ் எங்கே வருது?' என்று கேட்கும் குழுவில் என்னைக் கேட்டிருந்தார்கள்: 'மூக்கு இன்னிக்கு வந்துடுமா?'

எத்தனையோ படங்களை முடித்துப் போட்டிருக்கிறேன். ஒன்றுக்காகவும் யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை.