காவிரி மணலோரம் விற்பனைக்கு வந்த வீடு

நான் இருபது வருஷமாக அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். பிணவறைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே டியூட்டி பார்த்தவள், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் அவர்களுக்கு பிரஷர் செக் பண்ணுவேன். இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் எனக்கு அதைத்தான் செய்யச் சொல்வீர்கள், பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட ஊர்க்கதை பேசும் மனுஷன், எட்டு மாதம் ஒரு வார்த்தை இல்லை. தர்மபுரி பக்கம் எங்கள் இண்டூர் வீட்டில் டிவி சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் சாப்பிட்ட சாப்பாடு எனக்குத்தான் தெரியும். அமைதியான இடமாக மாற்றிப் பாருங்கள் என்றார் டாக்டர்.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. பீச் அருகே, குடும்பத்தோடு விடுமுறையைக் கழிக்க, பராமரிப்பு குறைந்த வீடு. தர்மபுரி மாவட்டத்தில் ஏது பீச்? பென்னாகரம் தாண்டி, காவிரிக்கரை மணலைத்தான் அப்படிப் போட்டிருந்தார்கள். அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் போனேன்.

பகல் பதினொரு மணி, சுள்ளென்று வெயில். இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே புரோக்கர் கதவைத் திறந்தார். ஜன்னல் கட்டையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், தூசி ஒட்டவில்லை.

"ஒன்னும் பாத்துக்க வேணாங்கம்மா, பூட்டிட்டுப் போனா வூடு அப்படியே இருக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அந்த நேரத்துக்கு டீ கொடுத்தாக வேண்டும். வழியில் வாங்கிய பால் பாக்கெட்டும் டீத்தூளும் கையில் இருந்தன, சமையலறை அடுப்பும் பற்றவைத்ததும் எரிந்தது, நான் பாட்டுக்குப் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. புரோக்கர் ஓடி வந்தார்.

"என்னங்கம்மா பண்ணிட்டீங்க? வாங்காத வூட்டுல பால பொங்க வுடலாமா? குடி வந்த மாதிரி ஆயிடுமுங்க."

"வந்தா என்னங்க, யாரு தொரத்தப் போறாங்க?" என்று சிரித்துவிட்டு மூன்று டம்ளரில் டீயை ஊற்றினேன்.

"அந்தம்மாவுக்கும் ஒரு டம்ளர் ஊத்து."

நம்பினால் நம்புங்கள், அது என் வீட்டுக்காரர் குரல். பின்பக்க அறை வாசலில் நின்றுகொண்டு தெளிவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எந்தம்மாங்க?" என்று கேட்டேன்.

"பொறவால கூட்டிக்கிட்டு இருக்காங்கல்ல."

பின்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. புரோக்கர் அதைத் தட்டித் தட்டித் திறந்தார். படியிலிருந்து ஆறு வரைக்கும் மணல், அப்போதுதான் பெருக்கியது போல விளக்குமாற்றுக் கோடு வரிவரியாக இருந்தது. ஒரு கால் தடம்கூட இல்லை.

காரில் ஏறியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. வீட்டில் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் திரும்பவும் அங்கே கூட்டிப்போனேன், உள்ளே கால் வைத்ததும் பேசினார். எனக்கு வேறென்ன வேண்டும்? யார் தடுத்தும் கேட்காமல் அந்த வீட்டை வாங்கினேன். எனக்கு டியூட்டி இருப்பதால் சனிக்கிழமைதோறும்தான் அவரை அங்கே கூட்டிப்போகிறேன்.

ஆனால் அவர் பேசுவது என்னிடம் இல்லை. அந்தப் பின்னறையில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் பேசுவார், பதில் கேட்பது போல நிறுத்துவார், பிறகு சிரிப்பார். நான் டீயோடு போனால் வாயை மூடிக்கொள்வார். கோபம் வரும், வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுப்பேன். போன சனிக்கிழமை அப்படி நின்றபோது, அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது கேட்டது.

"மெல்லமா பேசு, அவ காதுல வுழுந்துரும்."

அந்த அறையில் வேறு குரலே எனக்குக் கேட்கவில்லை. நாளைக்கும் சனிக்கிழமை, நானேதான் அவருக்குச் சட்டை மாட்டி அங்கே கூட்டிப்போகப் போகிறேன். வேறு எங்கே போய் அந்த மனுஷன் குரலைக் கேட்பேன், நீங்களே சொல்லுங்கள்.