சீதாலெட்சுமி போட்ட நாற்பது கடிதங்கள்

அக்கரைச் சீமையில், பிரிக்ஃபீல்ட்ஸில் இருபத்திரண்டு வருஷம் தபால் சுமந்தவன் நான். நாய் துரத்தியிருக்கிறது, மழை ஊற வைத்திருக்கிறது. ஆனால் கடிதம் கொடுத்ததற்காக ஒருவன் என் சட்டையைப் பிடித்தது ஒரே ஒரு தடவைதான். எல்லாம் அந்தத் தையற்காரி சீதாலெட்சுமியால் வந்த வினை!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம். ரயில்வே பட்டறையில் ஆள் குறைத்தபோது அவள் புருஷன் நாகையாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனவர்களை இலவசமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நாகையா இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தான். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல்.

"நான் வரல. மிஷின் இருக்கு, கை இருக்கு, இங்கேயே பொழைச்சுக்கலாம்" என்றாள் அவள்.

"உங்கிட்ட ரவிக்கை தைக்க யாருடி வர்றா? கப்பல் கிளம்புறதுக்குள்ள பத்து பேர் வரட்டும், இருந்துடலாம். இல்லேன்னா வாயைத் திறக்காம வந்து ஏறணும்."

"பத்துதானே!" என்றாள். என்ன திமிர் பாருங்கள்.

மறுநாளே துணி மூட்டையோடு ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போனாள். மூன்றாவது வீட்டில் கதவைப் பாதி திறந்து, அவள் மடியில் ஒரு படி அரிசியைப் போட்டுவிட்டு மூடிக்கொண்டார்கள். நேராக என்னிடம் வந்தாள்.

"என்னைப் பார்த்தா பிச்சைக்காரி மாதிரியா இருக்கு, அண்ணே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

"இனிமே நான் போக மாட்டேன், என் லெட்டர் போகும். நீங்க மணி அடிச்சா எல்லாரும் ஓடி வர்றாங்கல்ல?"

"யார் பேருக்குப் போடுவே?" என்றேன். அங்கே பெண்களை 'ரயில் கார்டு வீட்டம்மா', 'கிளார்க்கு சம்சாரம்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். இரண்டு வெள்ளிக்கிழமை அவள் கோயிலில் குருக்களை ஒட்டி நின்றாள். அர்ச்சனைக்கு ஒவ்வொருத்தியும் பெயரும் நட்சத்திரமும் சொல்வாளே, அவ்வளவும் மனப்பாடம்! எந்த வீடு யாருடையது என்று என்னைக் கேட்டாள். நானும் சொல்லித் தொலைத்தேன்.

இரண்டு கோழியை விற்றுத் தபால்தலை வாங்கினாள். நாற்பது உறை, ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைத்த ஒரு மாதிரி, கூடவே நாலு வரி: 'இதை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பிரிந்தால் என்னை மறந்துவிடுங்கள். பிரியாவிட்டால் நாலாம் சந்தில் மிஷின் சத்தம் கேட்கும் வீட்டுக்கு வாருங்கள்.' உறைமேல் புருஷன் பெயர் இல்லை, வீட்டுக்காரியின் பெயரும் வீட்டு எண்ணும்தான். அனுப்பியவர் பெயரை எழுத மறந்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டேஷன் கிளார்க் சபாபதி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். மறு கையில் பிரிக்காத உறை.

"எவன்யா அது, என் பொஞ்சாதி பேருக்கு லெட்டர் போடுறவன்?"

"ஐயோ, சத்தியமா நான் இல்லீங்க!" என்று அவரை நாலாம் சந்துக்கே இழுத்துப் போனேன். பின்னால் அவர் மனைவி இராஜம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். சந்தே கூடிவிட்டது.

சீதாலெட்சுமி அசையவில்லை. "நான்தாண்ணே போட்டேன். பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். படித்தார். முகம் தொங்கிப்போயிற்று. இருந்த கோபத்தை எல்லாம் துணியில் காட்டி இழுத்தார். தையல் அசையவில்லை. இராஜம்மா துணியை விட்டுவிட்டு உறையைத்தான் பிடுங்கிக்கொண்டாள்.

"என் பேருக்கா வந்துச்சு? இந்தச் சீமைக்கு வந்து எட்டு வருஷமாச்சு, என் பேருக்கு ஒரு லெட்டர் வந்ததில்லையே!" உறையையும் துண்டையும் சேர்த்து இடுப்பில் செருகினாள். "அளவெடு, தங்கச்சி."

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அன்றைக்குச் சண்டையை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒருத்திகூட வரவில்லை. வந்தவர்கள் எல்லோர் கையிலும் உறை இருந்தது. பதினாறாம் தேதி இருட்டும்போது ஒன்பது பேர்.

"ஒன்பதுதான்" என்று சொல்லிவிட்டு நாகையா பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினான். அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் தேதி காலை என் பையில் பக்கத்து ஊர் கிள்ளானிலிருந்து ஒரு கடிதம். மேலே இருந்த பெயரைப் பார்த்ததும் மற்ற வீடுகளை விட்டுவிட்டு ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது.

'திருமதி சீதாலெட்சுமி.' அவள் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். அவள் பேருக்கும் அதுதான் முதல் கடிதம்.

உள்ளே முடிச்சு முடிச்சாக ஒரு நூல். 'இராஜம்மாவின் தங்கை புஷ்பவல்லி எழுதுவது. அக்கா அனுப்பிய துண்டை நானும் இழுத்துப் பார்த்தேன். நூலில் அளவுக்கு முடிச்சுப் போட்டிருக்கிறேன். இரண்டு ரவிக்கை வேண்டும்.'

"பத்து" என்றாள் சீதாலெட்சுமி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்?

நாகையா பெட்டியருகே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். இறுக்கிப் போட்ட முடிச்சு, அவிழவில்லை. அவள் கத்திரிக்கோலை எடுத்து நீட்டினாள்.