கிழக்கா மேற்கா: ஒரு கரப்பந்துச் செயலாளரின் தலையிடிகள்

போட்டி அட்டவணை எழுதுகிற தொழிலில் சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஏச்சு மட்டும் கிழமை தவறாமல் வரும். பங்குத் திருவிழாவுக்கு உபயகாரர் பட்டியல் எழுதியவர்களுக்கும், கல்யாண வீட்டில் யாருக்குப் பக்கத்தில் யாரை இருத்துவது என்று மண்டையை உடைத்தவர்களுக்கும் நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நாமெல்லாரும் ஒரே சாதிச் சனம்.

டென்மார்க்கில், இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்கள் ஆட்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த வருடங்கள் அவை. பிறகு அது பெரிய வழக்காகி, டெனிஷ் பத்திரிகைகளெல்லாம் ‘தமிழர் வழக்கு’ என்று எழுதின. நடக்கும்போது எங்களுக்கு வழக்கு எதுவும் தெரியாது. கடிதம் வரவில்லை என்பது மட்டும் தெரியும். வேலை முடிந்தால் போக வீடிருந்தும் வீட்டில் ஆளில்லாத ஆம்பிளைகள், ஊருக்கு ஊர் வலையைக் கட்டி வொலிபோல் என்கிற கரப்பந்து அடித்தார்கள். எட்டு ஊரில் எட்டு அணி சேர்ந்ததும் சுற்றுப்போட்டி, சுற்றுப்போட்டி வந்ததும் செயலாளர்.

ஆள் எடுத்த விதம்

ஹேர்னிங்கில் ஒரு பின்னல் தொழிற்சாலையில் எனக்கு வேலை. முதல் கூட்டத்துக்கு நான் போனது ரீ குடிக்க. செயலாளர் பதவிக்கு ஒருத்தரும் கையை உயர்த்தவில்லை. கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்துப் புரொண்பி அணித் தலைவர் ஜெயம் அண்ணை எழும்பினார். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் இருந்தவர். சட்டப் புத்தகம் இல்லாமல் தண்ணீரும் குடிக்கமாட்டார். “கலியாணம் கட்டாத ஆள் ஆர்?” என்று கேட்டார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குக் கையெழுத்துச் சரியில்லை, டெனிஷ் அரைகுறை, ஆட்களை எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லை என்று காரணங்களை அடுக்கினேன். ஜெயம் அண்ணை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதில ஏழெட்டுப் பேர் ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். ஒருத்தற்ற கடிதத்துக்கும் காத்திராத ஆள் நீர் ஒருத்தர்தான், நீர் எழுதும்.”

வெள்ளிக்கிழமை ஆட்டம்

எட்டு அணியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்போது கடலுக்கு மேலால் போகிற பெரிய பாலம் வரவில்லை. கோப்பன்ஹேகன் பக்கம் போவதென்றால் ரயிலையே கப்பலில் ஏற்றுவார்கள். ஆகவே கடலைக் கோடாக வைத்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் கிழக்கு, ஹேர்னிங் இருக்கிற இந்தப் பக்கம் மேற்கு. நடுவில் இருந்த ஓடென்ஸ அணிக்கு மேற்கோடு தரைவழித் தொடர்பு உண்டு. மேற்கில் போட்டேன். இதைவிடச் சுலபமான கணக்கு உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த நாளே ஓடென்ஸ தலைவர் மரியதாஸ் ரெலிபோன் எடுத்தார். மன்னார்க்காரர். மெதுவாகத்தான் கதைப்பார். தங்களைக் கிழக்கில் போடச் சொன்னார். தூரம் கூட, கப்பல் வேறு, கிழக்கில் நிற்கிற அணிகள் பலம் என்று நான் சொன்ன எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். பிறகுதான் காரணத்தைச் சொன்னார். அணியில் ஐந்து பேரின் குடும்ப விண்ணப்பப் பைல் கோப்பன்ஹேகன் குடிவரவுக் கந்தோரில் கிடக்கிறதாம். ரெலிபோனில் கேட்டால் ஒரே பதில், பரிசீலனையில் இருக்கிறது. நேரே போய் நின்றால் முகத்தைப் பார்த்தாவது ஏதும் சொல்லமாட்டார்களா என்பது அவர்கள் நினைப்பு. ஆட்டத்துக்கென்று போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

கிழக்குக்கு மாற்றினேன். தங்கள் பக்கம் ஒரு அணி குறைந்துவிட்டதென்று மேற்கு அணிகள் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. காரணத்தை நான் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டியபோது மரியதாஸ் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். “எல்லாம் சனிக்கிழமையாக் கிடக்குதே, சனிக்கிழமை கந்தோர் பூட்டு. தோத்தாலும் பரவாயில்லை செக்கிரட்டரி, வெள்ளிக்கிழமையாப் போடுங்கோ” என்றார்.

பன்னிரண்டு பேர், ஒரு விமானம்

வெள்ளிக்கிழமை காலையில் கந்தோரில் வரிசை, பின்னேரம் ஆட்டத்தில் தோல்வி என்று ஓடென்ஸ இரண்டு பருவம் இப்படியே விளையாடியது. மூன்றாம் பருவத்தில், புரொண்பியோடு ஒரு ஆட்டம் மட்டும் சனிக்கிழமைக்கு விழுந்திருக்க, வியாழக்கிழமை மரியதாஸ் ரெலிபோன் எடுத்தார். விசா கிடைத்துவிட்டது. மனைவியும் மகளும் சனிக்கிழமை மத்தியானம், சரியாக ஆட்ட நேரத்துக்கு, கஸ்ட்ரப் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். அவர் இல்லாவிட்டால் ஓடென்ஸவில் ஐந்தே பேர். ஐந்து பேரோடு இறங்க முடியாது. சட்டப்படி ஆடாமலே புரொண்பிக்கு வெற்றி, அதோடு கிழக்குக் கிண்ணமும் அவர்களுக்கு.

எங்கள் சட்டத்தை வரிக்கு வரி எழுதியவர் ஜெயம் அண்ணை. ஒருமுறை எதிரணி பத்து நிமிடம் பிந்தி வந்ததற்கே புள்ளி கேட்டு எழுதியவர். பயந்து பயந்து விசயத்தைச் சொன்னேன். “பிளேன் எத்தினை மணிக்கு?” என்று மட்டும் கேட்டு ரெலிபோனை வைத்துவிட்டார். சனிக்கிழமை நான் கஸ்ட்ரப் போய்ச் சேர்ந்தபோது, புரொண்பி அணி ஆறு பேரும் இலக்கம் போட்ட சிவப்பு மேற்சட்டையோடு நின்றார்கள். பக்கத்தில் ஓடென்ஸ ஆறு பேர், மஞ்சள் மேற்சட்டை. நேரே ஆட்டத்துக்குப் போவதற்காக எல்லாரும் உடுத்திக்கொண்டே வந்திருந்தார்கள். ஒரு டெனிஷ் பொலிஸ்காரர் இரண்டு தரம் வந்து எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆட்டம் பின்னேரத்துக்குத் தள்ளி நடந்தது. மரியதாஸ் அன்றைக்கு அடித்த அடியை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை. ஓடென்ஸ மூன்று செற்றும் வென்றது. கிண்ணம் கைவிட்டுப் போனதற்கு ஜெயம் அண்ணை முறைப்பாடு எழுதவில்லை. ஆனால் எனக்கு அந்த நாள் என்றால் விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுதான். கதவு திறந்தது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஏழு வயதுப் பிள்ளை, தகப்பனைக் கடைசியாகக் கண்டது மூன்று வயதில். வரிசையாக நின்ற பன்னிரண்டு ஆம்பிளைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்டது: “அம்மா, இதில எத்தினையாம் நம்பர் அப்பா?”

காலை ஷிப்ட், பின்னேர ஷிப்ட்

அதற்குப் பிறகு குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. செயலாளருக்குப் பிடித்தது சனி. வேலையும் வீடும் தேடி, சொந்தக்காரரைத் தேடி ஆட்கள் ஹேர்னிங் பக்கம் நகரத் தொடங்கினார்கள். மரியதாசும் வந்து எங்கள் தொழிற்சாலையிலேயே சேர்ந்தார். ஓடென்ஸவில் மிஞ்சியது நான்கு பேர். சின்ன ஊர் அணிகள் இரண்டு கலைந்தன. ஹேர்னிங்கிலோ இருபத்தாறு ஆட்டக்காரர், ஒரே அணி. இருபது பேர் ஆட இடமில்லாமல் ஓரத்து வாங்கில் இருந்துகொண்டு என்னைத்தான் பார்த்தார்கள்.

இரண்டாகப் பிரித்தே ஆகவேண்டும். எப்படிப் பிரித்தாலும் சண்டை. ஊரை வைத்துப் பிரித்தால் மன்னாரும் யாழ்ப்பாணமும் முட்டும். படித்த பள்ளிக்கூடத்தை வைத்துப் பிரித்தால் இருபது வருடத்துக்கு முந்திய கோபமெல்லாம் எழும்பி வரும். கோயிலை வைத்துப் பிரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவரை இருக்கச் சொன்னோம். கடைசியில் தொழிற்சாலை ஷிப்டை வைத்துப் பிரித்தேன். காலை ஷிப்ட் ஒரு அணி, பின்னேர ஷிப்ட் இன்னொரு அணி. ஒருவருக்கும் குறை சொல்ல இடமில்லை.

அந்த வருட மேற்கு இறுதி ஆட்டமே இந்த இரண்டு அணிக்கும் இடையில்தான். தொழிற்சாலை பூட்டியிருக்கிற ஞாயிறில், பூசை முடிந்த பிறகு வைத்தோம். மனைவிமார் பிள்ளைகளோடு வந்து சுவரோரம் முழுக்க இருந்தார்கள். விளையாட்டு மண்டபப் பொறுப்பாளர் பெண்ட் அறுபது வயது டெனிஷ்காரர். வருடக்கணக்காகப் பத்து ஆம்பிளைகளுக்குக் கதவு திறந்துவிட்டவர், கூட்டத்தைப் பார்த்துக் கதவின் மற்றப் பாதியையும் திறந்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: “இவ்வளவு பேரும் இத்தனை நாளாக எங்கே இருந்தார்கள் என்று கேட்க நினைத்தேன், பிறகு பத்திரிகையில் வாசித்தது ஞாபகம் வந்தது.”

போகிறவர் யார், இருக்கிறவர் யார்

பெண்ட்தான் அடுத்த தலையிடியையும் கொண்டுவந்தார். குளிர்காலத்தில் டெனிஷ் தொடரில் பதிந்த கழகங்களுக்குத்தான் மண்டபம் முதலில் கொடுபடுமாம். நாங்கள் பதியாவிட்டால் எங்கள் நேரம் பறிபோகும். பதிந்தாலோ, எட்டு ஊராகத் தொடங்கி ஐந்தாகத் தேய்ந்த எங்கள் சொந்தச் சுற்றுப்போட்டிக்குக் குளிர்காலத்தில் ஆளிருக்காது. போதாததற்கு எங்கள் ஆட்கள் விளையாடுவது ‘ஓவர் கேம்’, நின்ற இடத்திலேயே நின்று அடிப்பது. டெனிஷ் தொடரில் ஆறு பேரும் சுற்றிச் சுற்றி இடம் மாறவேண்டும்.

ஓடென்ஸவில் பொதுக்கூட்டம் வைத்தேன். ஹேர்னிங் கழகம் டெனிஷ் தொடருக்குப் போக விரும்புகிறது, எங்கள் போட்டியைக் கோடையில் புல்வெளியில் வைப்போம் என்று வாசித்தேன். “துரோகம்” என்று பின்னால் ஒரு குரல் வந்தது. ஜெயம் அண்ணை எழும்பினார். இவர் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் இன்றைக்குக் கழகம் உடையும் என்று நான் தண்ணீரைக் குடித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளையள் வந்திட்டுதுகள். அதுகள் டெனிஷ் பள்ளிக்கூடத்திலதான் விளையாடப்போகுதுகள். நாங்கள் எவ்வளவு காலம் எங்களுக்குள்ளயே அடிச்சுக்கொண்டு நிக்கிறது?” என்றார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: “நான் போன கிழமையே புரொண்பியைக் கோப்பன்ஹேகன் தொடரில பதிஞ்சிட்டன்.”

டெனிஷ்காரருக்கும் ஒரு செயலாளர்

இரண்டு ஷிப்டும் சேர்ந்து ஒரே அணியாக டெனிஷ் தொடரில் இறங்கிய முதல் வருடம் எல்லாவற்றிலும் தோற்றோம். இடம் மாறச் சொன்னால் இரண்டு பேர் ஒரே மூலையில் போய் முட்டுவார்கள். மரியதாஸ் விடவில்லை. தொழிற்சாலை இடைவேளையில், நிலத்தில் சுண்ணக்கட்டியால் ஆறு கட்டம் கீறி, சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்களைச் சுற்றி நடக்க வைத்தார். அடுத்த வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றோம்.

கடைசி ஆட்டம் நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு கிராமத்தில். பதினாறு கார் போனது. மரியதாசின் மனைவியும் மற்றப் பெண்களும் ரோல்ஸ், கட்லட், வடை என்று தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து, எதிரணிக்கும் அவர்களுடைய ஆட்களுக்கும் முதலில் கொடுத்தார்கள். மரியதாசின் மகள் டெனிஷில் கத்தினாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். ஐந்தாவது செற் வரை இழுத்து வென்றோம். முதலிடம், அடுத்த பிரிவுக்கு ஏற்றம். கத்திக் கத்தி எனக்கு இரண்டு நாள் குரல் இல்லை.

அடுத்த கிழமை டெனிஷ்காரரின் மாவட்டக் கரப்பந்துச் சங்கத்துச் செயலாளர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். வயதான மனிசன், குரலிலேயே களைப்புத் தெரிந்தது. அடுத்த பருவத்துக்கு எங்களை வடக்கில் போடுவதா தெற்கில் போடுவதா என்று கேட்டார். என்னிடம் இப்படி ஒருவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை; உங்களுக்கு எது வசதியோ அதில் போடுங்கள் என்றேன். மறுபக்கத்தில் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: “வசதி எனக்கு இல்லை. ஆறு கழகம் உங்களோடுதான் விளையாடவேண்டும் என்று எழுதியிருக்கிறது, அதில் மூன்று உங்களைத் தங்கள் ஊருக்கு இரண்டு தரம் அனுப்பச் சொல்கிறது.”

ஆறு வருடம் சனத்தைப் பிரித்துப் பிரித்து எழுதியவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: யாரை எந்தப் பிரிவில் போட்டாலும் ஏச்சு ஒரே அளவாகத்தான் விழும், ஆகவே அவர்களுக்குத் தேவைப்படுகிற இடத்தில் போட்டுவிட்டு ஏச்சை வாங்கிக்கொள்வது நல்லது.